விண்ணிலிருந்து மின்சாரம்: மலையகம் எண்ணிப் பார்க்க வேண்டியது

தென்மேல் பருவமழைக் காலத்தில் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் வெயிலைக் காண்பது அரிது. மே முதல் செப்டெம்பர் வரை மலைமுகடுகளை முகில் மூடிக்கொள்ள, கூரைகளில் பொருத்திய சூரியத் தகடுகள் தமது முழுத் திறனைத் தருவதில்லை. ஆனால், அதே முகிலுக்கு மேலே சூரியன் குறைவின்றி ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கின்றது. அந்த ஒளியை விண்வெளியிலேயே திரட்டிப் பூமிக்கு மின்சக்தியாக அனுப்ப இயலுமா என்ற ஆராய்ச்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றது.

அமெரிக்கப் பொறியியலாளர் பீற்றர் கிளேசர் 1968ஆம் ஆண்டு இத்திட்டத்தை விஞ்ஞான அடிப்படையில் முன்வைத்தார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் மாபெரும் செய்மதியொன்றை நிறுத்த வேண்டும். அங்கு ஒவ்வொரு சதுர மீற்றரிலும் சுமார் 1,360 வோட் சூரியசக்தி விழுகின்றது. சமஇராக்காலங்களை ஒட்டிய சில வாரங்களில் மட்டும் நாளொன்றுக்கு அதிகபட்சம் 72 நிமிடங்கள் வரை பூமியின் நிழல் படும். மற்றைய வேளைகளில் அங்கு இரவே இல்லை. திரட்டிய சக்தி நுண்ணலைகளாக மாற்றப்பட்டுக் கீழே அனுப்பப்படும். முகிலையும் மழையையும் பெருமளவு இழப்பின்றி ஊடுருவி வரும் அவ்வலைகளைத் தரையில் விரிக்கப்பட்ட அலைவாங்கிகள் மீண்டும் மின்சாரமாக்கும்.

இவ்விடயத்தில் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இத்தகைய செய்மதிகள் நிலைகொள்ளும் சுற்றுப்பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் மறையும் வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தவர். நம்மவர் சிவனொளிபாத மலை என்றும் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் சிகரத்தை நினைவூட்டும் மலையொன்றிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி அமைப்பதாக 1979இல் அவர் ஒரு நாவலைப் படைத்தார். கற்பனையே எனினும், பொருட்களை மலிவாக விண்ணுக்கு ஏற்றுவது எப்படி என்ற அதன் மையப் பிரச்சினையே இன்றும் விண்வெளிச் சூரியசக்தியின் பெருந்தடையாக உள்ளது.

இராமேஸ்வரத்தில் பிறந்து இந்திய ஜனாதிபதியாக உயர்ந்த அப்துல் கலாம், 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்துடன் இணைந்து இதற்கான கூட்டு முயற்சியொன்றைத் தொடக்கி வைத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பரிசோதனைகள் படிப்படியாக முன்னேறியுள்ளன. 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 30 கிலோவோட்டுக்கும் அதிகமான சக்தி ஒரு மைல் தூரத்துக்குக் கம்பியின்றி அனுப்பப்பட்டது. 2015இல் ஜப்பானிய நிறுவனமொன்று 10 கிலோவோட் சக்தியை 500 மீற்றர் தூரத்துக்கு அனுப்பியது. 2023இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தின் கருவி விண்வெளியில் மின்சக்தியைக் கம்பியின்றிக் கடத்தியதுடன், அதன் மெல்லிய சமிக்ஞை பூமியிலும் உணரப்பட்டது. எனினும், முதற் தலைமுறைத் திட்டங்களின் மின்சாரம், தரையிலுள்ள புதுப்பிக்கத்தக்க சக்தியைவிட 12 முதல் 80 மடங்கு வரை விலை கூடியதாக இருக்கும் என நாசாவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

நுண்ணலை உயிர்களை எரித்துவிடும் என்ற அச்சமும் நிலவுகின்றது. அமெரிக்கா 1970களின் இறுதியில் வரைந்த மாதிரித் திட்டத்தில் கற்றையின் மையத்தில்கூடச் செறிவு சதுர மீற்றருக்கு சுமார் 230 வோட் மட்டுமே. இது நண்பகல் வெயிலின் நான்கில் ஒரு பங்கிலும் குறைவு. ஆயினும் அதே வரைவில் அலைவாங்கி 10 கிலோமீற்றர் அகலமும் 13 கிலோமீற்றர் நீளமும் கொண்டிருந்தது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நமது நாட்டில் நீளம் சற்றுக் குறையலாம். ஆனாலும் அத்தனை பெரிய நிலம் எங்கே, அது யாருடைய நிலம் என்ற கேள்வி எழுந்தே தீரும்.

மலையகத்துக்கு அக்கேள்வி புதிதல்ல. நீர்மின் உற்பத்தியின் சாத்தியத்தை 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துரைத்தார். லக்ஷபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. வரட்சியில் மவுஸ்ஸாகலையின் நீர்மட்டம் தாழும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் வெளியே தெரிகின்றன. 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவோட் மேல் கொத்மலைத் திட்டம் திறக்கப்பட்டது. இம்மலைகளின் நீர் கொழும்பு நகருக்கு ஒளியூட்டியது. அந்த மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்ற லயன் அறைகளிலோ பல்லாண்டுகளாக மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

விண்ணிலிருந்து மின்சாரம் வரும் நாள் தொலைவில் இருக்கலாம். அதுவரை சிறு நீர்மின் நிலையங்களும், கூரைச் சூரியத் தகடுகளும், சேமிப்புக் கலங்களுமே நம் கைக்கெட்டியவை. ஆயினும் எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும், நிலத்தை விட்டுக்கொடுப்பவரின் வீட்டில் முதலில் விளக்கு எரிய வேண்டும் என்ற நிபந்தனையை மலையகத் தலைமைகள் இப்போதே முன்வைப்பது அவசியமாகும். முன்னைய திட்டங்கள் வகுக்கப்பட்டபோது கேட்கத் தவறியதை அடுத்ததிலும் கேட்காதிருப்பது நமது குற்றமாகவே எண்ணப்படும்.