12.5 லட்சத்துக்கு விற்ற ஊர்

கடற்கரைச் சுற்றுலா என்றாலே நம் குடியிருப்பில் கொச்சி, கோழிக்கோடு என்றுதான் பேச்சு. அடுத்த முறை தரங்கம்பாடியையும் நினைத்துப் பாருங்கள். கோவையிலிருந்து ஜன சதாப்தியில் மயிலாடுதுறை போய், அங்கிருந்து பஸ் ஏறினால் போதும்.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, டென்மார்க்காரர்கள் இங்கே மிளகு வணிகத்துக்காக டேனிஷ் கோட்டையைக் கட்டினார்கள். 1706-ல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகமும் நிறுவினார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது.

பின்னர் வணிகம் நொடித்தது. 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 225 வருடக் கணக்கு அத்துடன் முடிந்தது. ரயில் பாதை நாகப்பட்டினத்துக்குப் போனதும் இத்துறைமுகம் ஓய்ந்தது. ஊர் வளராததால்தான் பழைய தெருக்கள் மிஞ்சின.

ஆனால் கடல் சும்மா இல்லை. 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் ஒரு பகுதியை அலைகள் அரித்துவிட்டன. 2004 சுனாமி உயிர்களையும் கொண்டுபோனது. கையிருப்பு உள்ளபோதே பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவோம்.