வங்காளத்தில் ஆங்கிலக் கல்வியும் பாதியில் நின்றோர் பங்கும்

வங்காளத்தில் ஆங்கிலக் கல்வியைக் குறித்து எழுந்த வாதங்களுள் பெரும்பகுதி, அப்பாஷையை எந்த வகுப்பில் தொடங்குவது என்னும் வினாவைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்டுச் செல்லும் பிள்ளை, தான் கற்ற அளவு ஆங்கிலத்தைக் கொண்டு என்ன செய்ய இயலும் என்பதே அதற்கு முன் கேட்கப்படவேண்டிய வினா என்பது என் துணிபு.

ஆங்கிலத்தை வங்காளிகள்மேல் ஆங்கிலேய அதிகாரி மெக்காலே சுமத்தினார் என்று சொல்வது சரித்திரத்திற்குப் பொருந்தாது. ஆங்கிலக் கல்வியை வற்புறுத்திய அவருடைய 1835ஆம் ஆண்டுக் குறிப்புக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே கல்கத்தாப் பிரமுகர்கள் தம் சொந்தப் பணத்தைத் திரட்டி இந்துக் கல்லூரியை நிறுவினர். சம்ஸ்கிருதக் கல்லூரிக்குச் செலவிடக் கருதிய பொருளை மேனாட்டு விஞ்ஞானத்திற்குச் செலவிடுமாறு ராம்மோகன் ராய் 1823இல் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு விண்ணப்பித்தார். இந்துக் கல்லூரியில் பயின்ற மைக்கேல் மதுசூதன தத்தர் தம் ஆங்கிலக் காவியத்தை 1849இல் நம் சென்னையில் அச்சிட்டு, பின்னர்த் தாய்மொழிக்குத் திரும்பி 1861இல் மேகநாதவத காவியத்தை இயற்றினார். பங்கிம் சந்திரரும் 1864இல் ஆங்கில நாவல் ஒன்றை எழுதியபின் வங்காளத்தையே தம் கருவியாகக் கொண்டார். ஆனால் இவர்கள் கல்வியைக் கரைகண்டவர்கள். இவர்களை அளவுகோலாக்கிப் பாடத்திட்டம் வகுத்தமையே பின்வந்த தவறுகளுக்கெல்லாம் மூலம் என்று நான் கருதுகிறேன்.

இதைக் கண்டுணர்ந்தவர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட். 1926இல் வெளியான தம் ஆராய்ச்சியில், தவணையை நடுவில் நிறுத்தியவனுக்கு ஆயுள் காப்பீட்டில் கிடைக்கும் சரண்டர் மதிப்பைப் போன்றதொரு மதிப்பு கல்விக்கும் உண்டு என்று அவர் வாதித்தார். சொற்களை எழுத்துக்கூட்டவும் இலக்கண விதிகளை ஒப்பிக்கவும் மட்டும் பழகி இடையில் நின்ற சிறுவனிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை. எளிய நூலொன்றைத் தானே வாசித்துப் பொருள்கொள்ளப் பழகியவனிடமோ, பள்ளி கைவிட்டபின்னும் வளரத்தக்க ஒரு சக்தி எஞ்சுகிறது. ஆகவே அவர் வாசிப்பையே முதலில் வைத்து, அரிய சொற்களை விலக்கி, புதிய சொற்களை நெருக்கமின்றிப் பரப்பி, ஒருமுறை வந்தது மறுபடி மறுபடி வருமாறு பாடநூல்களை இயற்றினார்.

இதற்கு மாறாகச் சாந்திநிகேதனத்தில் தாகூர் செவியிலிருந்து தொடங்கினார். 1909இல் அவர் வெளியிட்ட கேள்விவழிப் பாடநூலில், ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவ, மாணவன் எழுவதும் நடப்பதும் அமர்வதுமாக அதைச் செய்துகாட்டுகிறான். தாய்மொழியிலேயே சிந்தனை வேரூன்றவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர், ஆங்கிலத்தைப் புறக்கணியாமல் அதற்கென நூல்கள் இயற்றியது கவனிக்கத்தக்கது. வங்காளியின் நாவுக்கு ஆங்கிலம் தரும் இடர்களையும் நாம் மறக்கலாகாது: 'ஸ்கூல்' அவன் வாயில் 'இஸ்குல்' ஆகிறது, அவனுடைய படர்க்கைப் பிரதிப்பெயரில் ஆண் பெண் வேற்றுமை இல்லாமையால், தாயைப்பற்றிப் பேசும்போதும் ஆண்பாற்சொல் நழுவிவிடுகிறது. செவிப்பழக்கமே இவற்றைத் திருத்தும். எனினும் அதற்கு நாவன்மையுடைய ஆசிரியர் வேண்டும். அத்தகையோர் அரிதான கிராமத்திற்கு வெஸ்டின் வழியே அதிகப் பிரயோஜனமுடையது என்பேன்.

பிற்காலத்தார் இவ்விரு வழிகளையும் சீர்தூக்கிப் பார்க்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1980களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலம் அகற்றப்பட்டு ஆறாம் வகுப்புக்குத் தள்ளப்பட்டது. பின்னர் மூன்றாம் வகுப்புக்கும், 2004இல் முதல் வகுப்புக்கும் திரும்பிவந்தது. தாய்மொழியைக் காக்கும் நோக்கம் மேலானதே. ஆயினும் வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ள, நஷ்டம் முழுவதும் ஏழையின் தலையில் விழுந்தது. 1952இல் தாய்மொழிக்காக இளைஞர் உயிர்துறந்த டாக்காவைத் தலைநகராகக் கொண்ட வங்காளதேசத்திலும், 1987ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அலுவல்களில் வங்காளத்தைக் கட்டாயமாக்கியதையடுத்து, 1990களின் தொடக்கத்தில் ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே கட்டாயப் பாடமாயிற்று. பேச்சுப் பயிற்சியை முன்னிறுத்தும் பாடநூல்கள் அங்கே பின்னர் வந்தபோதிலும், பொதுத்தேர்வு பெரும்பாலும் எழுத்துத் தேர்வாகவே நின்றமையால், வகுப்பறை தேர்வின் வழியே சென்றது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையிடம் அவன் முன்பு பாராத ஓர் எளிய ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்து, அதன் பொருளை வங்காளத்திலேயே சொல்லச்செய்யும் பரீட்சையொன்று இவ்விரு பகுதிகளிலும் ஏற்படுமாயின், ஆண்டுகளை எண்ணும் வாதத்தைவிட அது ஆட்சியாளர்க்கு அதிகம் அறிவிக்கும்.