மதுரைத் தெருவில் பசியாறிய கூட்டம்

உணவுத் திருவிழா என்றதும் பெருநகரத்தின் புதுப் பழக்கம் என்கிறார்கள். அது சரியல்ல. பாண்டிய மன்னனைப் போற்றி மாங்குடி மருதனார் பாடிய சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சி, நாளங்காடி என்ற பகற்சந்தையின் இரைச்சலை ஏழாம் நாள் விழாவின் ஆரவாரத்தோடு ஒப்பிடுகிறது. இரவு அங்காடியிலோ தேனடை போன்ற மெல்லிய அடை, பூரணம் வைத்துப் பிடித்த மோதகம்; யாமம் முற்றியதும் அப்பம் விற்பவர்கள் பண்டங்களோடு இருந்தபடியே தூங்கிவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் விற்றிருந்தால் அந்த அசதி வரும்! மன்னனைப் புகழும் பாட்டு, மிகையாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். படைப்பெருமையை மிகைப்படுத்தலாம், கண்ணயரும் வியாபாரியைக் கற்பனை செய்வதால் பாண்டியனுக்கு என்ன பெருமை? எல்லோரும் சமமாக உண்டார்கள் என்பதற்கு அது சான்றாகாது, உண்மைதான். ஆனால் ஊர் கூடும் இடத்தில் சமைத்து விற்பது தமிழ் நகரத்துக்குப் பழைய தொழில். இன்றைய தெருவோர வியாபாரியை ஆக்கிரமிப்பாளர் என்று விரட்டுவது வரலாறு அறியாத செயல்.