நாளைய கடைசிச் செய்தி

1935 டிசம்பர். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் சர் சாமுவேல் ஹோர் ஓய்வெடுக்க சுவிட்சர்லாந்து போயிருந்தார். மனிதருக்கு ஐஸ் ஸ்கேட்டிங் என்றால் உயிர். வெண்தளத்தில் வழுக்கிக்கொண்டு போனவர் மயங்கி விழுந்தார். மூக்கு உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த அந்த நாட்களில்தான் பாரிஸிலிருந்து இரண்டாவது அடியும் வந்தது. சுவிட்சர்லாந்து போகிற வழியில் அவர் பாரிஸில் இறங்கி, பிரெஞ்சுப் பிரதமர் பியர் லவாலோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்த சங்கதி பத்திரிகையில் வந்துவிட்டது.

அக்டோபர் 3-ஆம் தேதி முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்திருந்தது. அடித்தவனைத் தண்டிப்பதற்குப் பதிலாக, அடிபட்டவனின் நிலத்தில் பெரும்பங்கை அடித்தவனுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்பதுதான் ஹோரும் லவாலும் போட்ட கணக்கு. எத்தியோப்பியாவுக்கு ஆறுதல் பரிசாகக் கடற்கரைவரை ஒரு ஒடுங்கிய பாதை. லண்டன் ‘டைம்ஸ்’ அதை ஒட்டகங்கள் போகிற சந்து என்று நக்கலடித்தது. முந்தைய மாதம்தான் பிரிட்டிஷ் அரசு, சர்வதேச சங்கத்தைத் தாங்கிப் பிடிப்போம் என்று சொல்லித் தேர்தலில் ஜெயித்திருந்தது. மக்கள் கொதித்தார்கள். டிசம்பர் 18-ஆம் தேதி ஹோர் பதவி விலகினார். ஜனவரியில் லவால் அரசும் போயிற்று.

சங்கதியை வெளியே கொண்டுவந்தவர்கள் பாரிஸில் இரண்டு பேர். ஒருவர், பெர்த்தினாக்ஸ் என்ற புனைபெயரில் ‘லெக்கோ த பாரி’யில் எழுதிய ஆந்திரே ஜெரோ. இன்னொருவர் ‘லெவ்ர்’ நாளிதழின் வெளிநாட்டு விவகார ஆசிரியர், 43 வயது ஜெனிவியேவ் தபூயி. இரண்டு நாடுகளின் அரசியலை உலுக்கிய அந்தப் பெண்மணிக்கு அன்று சொந்த நாட்டில் ஓட்டுரிமை இல்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு அது 1944-இல்தான் வந்தது.

‘எங்கேயிருந்துதான் இந்த அம்மாவுக்குச் சேதி வருகிறது?’ என்று பாரிஸே தலையைச் சொறிந்தது. பாதி விடை அவர் பிறந்த வீட்டில் இருக்கிறது. தகப்பனார் ஓவியர், ஆனால் உறவில் இரண்டு பெரிய மாமாக்கள். போல் காம்போன் லண்டனில் 22 வருடம் பிரெஞ்சுத் தூதர். 1904-இல் பிரிட்டனையும் பிரான்சையும் நண்பர்களாக்கிய உடன்பாட்டுக்கு முக்கியக் காரணகர்த்தா. (அத்தனை வருடம் இருந்தும் மனிதர் ஆங்கிலம் கற்றுக்கொள்ளவில்லை. எதிரே இருப்பவர் ‘யெஸ்’ என்று சொன்னால்கூட அதையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்வாராம்!) தம்பி ஜூல் காம்போன் 1907 முதல் போர் மூண்ட 1914 வரை பெர்லினில் தூதர், பின்னர் வெர்சாய் ஒப்பந்தத்தில் பிரான்சுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். இளம்பெண்ணாக ஜெனிவியேவ் அந்தப் பெர்லின் தூதரகத்துக்குப் போய்வந்தவர். விருந்து மேஜையில் யார் பக்கத்தில் யாரை உட்காரவைத்தார்கள், யார் யாரிடம் பேசாமல் எழுந்துபோனார்கள் என்பதிலிருந்து ஒரு நாட்டின் எண்ணத்தைக் கணிக்கும் வித்தையை அங்கேதான் பழகியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு முதலில் மோகம் அரசியலில் இல்லை, தொல்லியலில். துத்தன்காமன் பற்றியும் நெபுகாத்நேச்சர் பற்றியும் புத்தகம் எழுதியவர் அவர். 1920-களில் மாகாண நாளிதழ்களுக்காக ஜெனீவாவுக்குப் போனார். சர்வதேச சங்கம் கூடும்போதெல்லாம் அந்த ஊர் கல்யாண வீடு மாதிரி இருக்கும். சபையில் தீர்மானம், உண்மையான பேச்சு ‘பவேரியா’ என்ற மதுக்கூடத்தில். டெர்சோ, கெலன் என்ற இரண்டு ஹங்கேரியக் கார்ட்டூனிஸ்டுகள் தலைவர்களை வரைந்து தள்ளிய கேலிச்சித்திரங்கள் அங்கே சுவரை நிறைத்திருந்தன. கீழே புகையும் பீரும். அமைச்சர்களும் நிருபர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ருமேனியாவின் தித்துலெஸ்கு, பிரான்சின் எரியோ என்று தபூயிக்கு நெருக்கமானவர்கள் எல்லா மேஜையிலும் இருந்தார்கள்.

அவர் பார்வையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனி மறுபடி எழும், எழுந்தால் அடிக்கும், பிரான்சு தனியாகத் தாங்காது. ஒரு பக்கம் பிரிட்டன், மறுபக்கம் ரஷ்யா இருந்தால்தான் பிழைக்கும். வலதுசாரிகள் அவரை மாஸ்கோவின் ஊதுகுழல் என்றார்கள். எனக்கென்னவோ, அது கம்யூனிசத்தைவிடக் குடும்பச் சொத்து என்றே படுகிறது. மாமாக்கள் தலைமுறை ஜார் மன்னனோடு போட்ட கணக்கையே மருமகள் ஸ்டாலினை வைத்துப் போட்டார். அந்தக் கணக்கின் மேல் இருந்த பிடிப்பில், ஸ்டாலின் எப்படிப்பட்டவர் என்பதை அவர் ஆழ்ந்து பார்க்கவில்லை. 1939 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாஸ்கோவில் ஜெர்மனியும் ரஷ்யாவும் கைகுலுக்கியபோது அந்தக் கணக்கு கிழிந்தது.

நம் ஊர்க் குடுகுடுப்பைக்காரர் விடியற்காலையில் வந்து ‘நல்ல காலம் பொறக்குது’ என்பார், அரிசி கிடைக்கும். தபூயி தினமும் காலையில் கெட்ட காலம் பிறக்கிறது என்று எழுதினார். கிடைத்தது ‘கசாண்ட்ரா’ என்ற பட்டம். கிரேக்கக் கதையில் ட்ராய் நகரத்து இளவரசி அவள். வருவதை முன்கூட்டிச் சொல்லும் வரமும், சொன்னதை ஒருவரும் நம்பக் கூடாது என்ற சாபமும் சேர்ந்து வாங்கியவள். ஹிட்லரே மேடையில் பெயர் சொல்லிக் கிண்டலடித்தார்: தான் என்ன செய்யப்போகிறோம் என்பது தனக்குத் தெரியும் முன்பே மகா புத்திசாலியான அந்த மதாம் தபூயிக்குத் தெரிந்துவிடுகிறதாம்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கசாண்ட்ரா என்ற பெயர் அவருக்கு முழுதும் பொருந்தாது. கசாண்ட்ரா தப்பே சொல்லவில்லை. தபூயி நிறையத் தப்பு சொன்னார். காதில் விழுந்த வதந்தியையும் கையில் இருந்த ஆவணத்தையும் ஒரே குரலில் எழுதுவது அவர் பழக்கம். நாளை நடக்கும் என்று எழுதியது நடக்காமல் போனால், மறுநாள் அதைப் பற்றி மூச்சே விடமாட்டார். சக நிருபர்கள் சிரித்தார்கள். சின்ன விஷயத்தில் சறுக்கியதைக் காட்டியே பெரிய விஷயத்தையும் தள்ளிவிட, தள்ளிவிட விரும்பியவர்களுக்கு வசதியாக இருந்தது.

இதில் வேடிக்கை, மாற்றுக்குரல் அவர் பத்திரிகையிலேயே இருந்தது. 1939 மே 4-ஆம் தேதி ‘லெவ்ர்’ முதல் பக்கத்தில் மர்செல் தெயா ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: ‘டான்சிக்குக்காகச் சாவதா?’ போலந்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு துறைமுகத்துக்காகப் பிரெஞ்சுக்காரன் ஏன் உயிர்விட வேண்டும் என்பது கேள்வி. ஒரே தாளில் ஒரு பக்கம் தபூயி அபாய மணி அடிக்க, இன்னொரு பக்கம் தெயா தாலாட்டுப் பாடினார். அடுத்த ஆண்டு பாரிஸ் வீழ்ந்ததும் பத்திரிகை தெயாவின் கைக்குப் போய், ஜெர்மானியருக்குச் சாமரம் வீசியது. தபூயி அதற்குள் கப்பலேறியிருந்தார். லண்டன், அங்கிருந்து நியூயார்க்.

நியூயார்க்கில் 1942-இல் ‘வெற்றிக்காக’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பிரெஞ்சு வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு வந்த நினைவுக் குறிப்புக்கு அந்தக் கேலிப்பெயரையே தலைப்பாக வைத்தார்: ‘அவர்கள் என்னைக் கசாண்ட்ரா என்றார்கள்’.

போர் முடிந்து பாரிஸ் திரும்பியவருக்கு இரண்டாவது வாழ்க்கை ரேடியோவில் கிடைத்தது. 1950-களிலும் 60-களிலும் ரேடியோ லக்ஸம்பர்கில் அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயர் ‘நாளைய கடைசிச் செய்திகள்’. சமையலறை அலமாரியில் பெட்டி. கீச்சென்ற, அவசரமான குரல். ‘அறியத் தயாராகுங்கள்’ என்று தொடங்கி, இன்னின்ன ஜனாதிபதி இன்னாரைச் சந்திக்கப்போகிறார், இன்ன மாநாடு முறியப்போகிறது என்று அடுக்குவார். பலித்தது பாதி, பலிக்காதது பாதி. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி விளையாடாத பிரெஞ்சுக் குழந்தை இல்லை என்கிற அளவுக்கு ஊருக்கே பழகிய குரலாகிவிட்டார். 1985 செப்டம்பரில் பாரிஸில் காலமானபோது வயது 93.

நியூயார்க் வார இதழில் அவரோடு நின்றவர் ஆன்ரி த கெரில்லிஸ். 1938-இல் ம்யூனிக் ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்த்து விழுந்த 75 ஓட்டில் 73 கம்யூனிஸ்டுகளுடையது. மிச்சம் இரண்டில் ஒன்று இந்த வலதுசாரியுடையது. அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)