கதை எழுத ஆசையா? திருத்தங்கல் கதை ஒண்ணு போதும்!

நோட்ஸ் ஆப்பைத் திறந்து ‘ஒரு ஊரில்...’ என்று டைப் பண்ணிவிட்டு, அதற்கு மேல் நகராமல் நிற்கிறீர்களா? கவலை வேண்டாம். கதைக்கான அடிப்படைச் சங்கதிகள் ஐந்துதான். ஐந்தும் கச்சிதமாக அமைந்த ஒரு குட்டிக் கதை, சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம திருத்தங்கலில் நடக்கிறது. ஊரின் பழைய பெயர் தங்கால். சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் 23-வதான கட்டுரை காதையில் இந்தக் கதை வருகிறது.

கதை இதுதான்!

சேர மன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் பராசரன், வழியில் தங்காலில் இளைப்பாறுகிறார். அங்கே ஒரு சிறுவன், மழலை மாறாத வாயால் பிழையில்லாமல் வேதம் ஓதுகிறான். அசந்துபோனவர் அவனுக்கு நகைகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அந்த வீட்டில் திடீரென நகை மின்னுவது அரசுச் சேவகர்களின் கண்ணை உறுத்துகிறது. ‘புதையலை அமுக்கிட்டான்’ என்று சிறுவனின் அப்பா வார்த்திகனைச் சிறையில் தள்ளுகிறார்கள். அவர் மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயில் கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது. ‘என்ன தப்பு நடந்தது?’ என்று விசாரிக்கும் பாண்டிய மன்னன் உண்மையை அறிந்து மன்னிப்புக் கேட்கிறான். தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்குக் கொடுக்கிறான். கதவு திறக்கிறது.

இப்போ பிரிச்சுப் பார்க்கலாம்.

1. கேரக்டர்

‘பராசரன் ரொம்ப நல்லவர்’ என்று எழுத வேண்டியதே இல்லை. நகையை எடுத்து நீட்டுகிறார், அவ்வளவுதான். ஆள் என்ன செய்கிறார் என்று காட்டுங்க. எப்படிப்பட்டவர் என்பதை வாசகரே புரிந்துகொள்வார்.

2. களம்

களம் என்பது வெறும் பேக்ரவுண்டு இல்லை. மற்ற ஊர்க் கதையில் மழை வந்தால் ரொமான்ஸ். பட்டாசு காயப்போடும் திருத்தங்கல், சிவகாசி பக்கம் மழை வந்தால் அன்றைக்கு வேலை போச்சு! எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளை வைத்து ‘கருவேலம் பூக்கள்’ படத்தை எடுத்தார். இந்த மண்ணைத் தவிர வேறெங்கும் அந்தக் கதையை நகர்த்த முடியாது.

3. முரண்

வார்த்திகன் திருடவில்லை. ஆனால், அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய பராசரன் ஊரைவிட்டே போயாச்சு. உண்மை இருந்தும் அதை நிரூபிக்க வழியில்லை. இந்த இக்கட்டுதான் முரண். சண்டைக் காட்சி கட்டாயம் இல்லை.

4. ப்ளாட்

சம்பவங்களை ‘அப்புறம்... அப்புறம்...’ என்று கோத்தால் அது டைரி. ‘அதனால்’ என்று கோத்தால் ப்ளாட். பையன் அழகாக ஓதினான், அதனால் நகை. நகையால் பொறாமை, பொறாமையால் பொய்ப்பழி, பழியால் சிறை. நடுவில் ஒன்றை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும்.

5. பார்வைக்கோணம்

யார், யாரிடம் சொல்கிறார்கள்? இதுதான் முக்கியம். இந்தக் கதையைச் சொல்வது மதுராபதித் தெய்வம். கேட்பவள் கண்ணகி. சிலம்பு திருடியதாகப் பொய்ப்பழி சுமத்தி, சரியாக விசாரிக்காமல் அவள் கணவன் கோவலனைக் கொன்றிருக்கிறார்கள், மதுரை எரிகிறது. பாண்டியர்கள் நீதி தவறாதவர்கள் என்று புரியவைக்கத்தான் தெய்வம் இந்தக் கதையை எடுக்கிறது. இரண்டிலும் நகை, திருட்டுப்பழி, அழும் மனைவி. ஆனால் வார்த்திகன் உயிரோடு இருந்தார், அதனால் தப்பைத் திருத்த முடிந்தது. கோவலனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. இதைக் கேட்கும் கண்ணகிக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னொன்றையும் கவனிங்க. கார்த்திகையின் அழுகை அரண்மனைக்குக் கேட்கவில்லை. கோயில் கதவு மூடியதும்தான் மன்னன் விசாரிக்கிறான்.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க்: கோயில் கதவு இல்லாமல் இதே கதையை, கார்த்திகை சொல்வதுபோல 200 வார்த்தையில் எழுதிப் பாருங்க. கணவன் உள்ளே, பையன் பக்கத்தில். அவள் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?