கண்ணாடித் தொட்டியில் பாறை அடுக்கிய கதை

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளில் இன்று காணும் பாறை அமைப்புக்கும், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய புத்தகப் படங்களில் இருப்பதற்கும் ஒட்டுறவே இல்லை. அன்று பின்கண்ணாடி முழுக்க மறையும்படி, அடியிலிருந்து நீர்மட்டம் வரை கற்கள் மதிலாக ஏறி நிற்கும். இன்றோ இரண்டு மூன்று திட்டுகள்தான். நடுவே வெறும் மணல். ஒரு கல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அது விழாமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே ஓடும் அக்ரிலிக் கம்பியும் எபாக்சி பசையும். ரசனை முதிர்ந்ததால் வந்த மாற்றம் இது என்று தொட்டி வளர்ப்போர் சொல்லிக்கொள்வது வழக்கம். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கட்சி. கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொட்டிப் பாறையின் வடிவத்தை இரண்டு கேள்விகள்தாம் தீர்மானித்தன. நீரைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொட்டியில் யார் பார்க்கிறார்? கல் எங்கிருந்து, என்ன விலைக்கு வருகிறது? ரசனை இவற்றுக்குப் பின்னால் வந்து பெயர் வாங்கிக்கொண்டது.

தொடக்கக் காலத்தைப் பார்த்தாலே இது தெரியும். 1846இல் அன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அவருக்கு வடிகட்டி கிடையாது; பணிப்பெண் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தாவரமும் விலங்கும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்தால் நீரை மாற்றாமலே தொட்டி நிலைக்கும் என்று காட்டினார். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் இதை வீட்டுக்கு வீடு பரவும் மோகமாக்கியது. இந்தத் தொட்டிகளில் வேலை செய்தது பாசி. கல்லின் பங்கு, பாசி பற்ற ஓர் இடமும், நண்டுக்கும் மீனுக்கும் கொஞ்சம் நிழலும் தருவது. பிறகு பெரிய பொதுக் காட்சியகங்கள் வந்தன. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் காட்சியகம் அமைத்த வில்லியம் அல்ஃபோர்ட் லாய்ட், காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய இருட்டு நீர்த்தேக்கத்தைக் கீழே கட்டி, நீரை ஓயாமல் சுழலவிட்டார். சுத்தம் செய்யும் வேலை தரைக்குக் கீழே போய்விட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பெர்லினில் ஆல்ஃப்ரெட் பிரேம் திறந்த காட்சியகத்தில் பாறை தொட்டியைத் தாண்டி வெளியே வந்து, பார்வையாளர் நடக்கும் கூடங்களையே குகைகளாக்கியது. வேலை கைவிட்டுப் போனதும் கல் மேடை அலங்காரமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதே கதை சிறிய அளவில் திரும்ப நடந்தது. சரளைக்கு அடியில் துளைத்தட்டு வைத்து, நீரைச் சரளை வழியாக இழுக்கும் வடிகட்டி வந்தது. பாக்டீரியா சரளையில் குடியேறியது. மேலே வைத்தவை வெளுத்த பவள எலும்புகள். பாசி படிந்தால் எடுத்து பிளீச்சில் ஊறவைத்து, கழுவி, மறுபடி வைப்பார்கள். பற்றிக்கொண்ட உயிரைக் கொல்வதே பராமரிப்பாக இருந்த காலம் அது.

கல்லுக்கு வேலை கொடுத்தவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் அவர் தம் முறையை எழுதினார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, இயற்கைக் கடல்நீர், வெயில், மெல்லிய காற்றுக் குமிழி, அவ்வளவுதான். வடிகட்டியே இல்லை. ஈரப்பதமான வெப்பமண்டலக் கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு செய்வது எளிது, குளிர்நாட்டில் ஆகுமா என்று பலர் அதைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பீட்டர் வில்கென்ஸ், டீட்ரிச் ஷ்டூபர் போன்றோர் அதே கருத்தை ஐரோப்பிய வீடுகளுக்குக் கொண்டுவந்தனர். உயிர்ப்பாறை, வலுவான விளக்கு, கழிவை நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஆகியவை சேர்ந்ததே பின்னாளில் பெர்லின் முறை எனப்பட்டது. கல்லின் மேற்பரப்பில் ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது; ஆக்சிஜன் குறைந்த உள்துளைகளில் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. முதல் பாதியைச் சரளையும் செய்யும். இரண்டாம் பாதிக்குத் துளைகள் நிறைந்த கல் வேண்டும்.

மதில் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். கல்தான் வடிகட்டி என்றால், கல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. கேலனுக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு என்று அமெரிக்காவில் ஒரு கணக்கு வாய்ப்பாடாகப் பரவியது. 400 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 50 முதல் 100 கிலோ. அவ்வளவு கல்லை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் பின்சுவரில் சாய்த்து அடுக்குவதைத் தவிர வேறு வழி என்ன? பசை தேவைப்படவில்லை, எடையே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கல்லும் கீழே உள்ளவற்றில் மூன்று இடங்களில் உட்கார வேண்டும், கையால் அழுத்தினால் ஆடக்கூடாது என்பதே அன்றைய பொறியியல். விஷயம் தெரிந்தவர்கள் முதல் வரிசையை மணலின் மேல் வைக்காமல், அடிக்கண்ணாடியிலோ பிவிசி குழாய்த் தாங்கியிலோ வைத்து, பிறகுதான் மணலைக் கொட்டினார்கள். மணலில் வளை தோண்டும் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் ஒரே இரவில் அடித்தளத்தைப் பறித்துவிடும். மதில் சரிந்தால் கண்ணாடி விரிசல் விடும். இவ்வளவு கவனமாகக் கட்டிய மதிலில் ஓர் அடிப்படைக் கோளாறு இருந்தது. பின்னால் நீரோட்டம் செல்லாது. கழிவு அங்கே தேங்கும். நீர் புகாத கல் வடிகட்டாது. அதாவது, அளவைக் கூட்டக் கூட்ட, எந்த வேலைக்காகக் கல்லைப் போட்டார்களோ அதே வேலைக்கு மதில் குறுக்கே நின்றது. குறை கண்டபோதும் மதிலை யாரும் உடனே கலைக்கவில்லை. கல் மலிவாகக் கிடைத்ததே காரணம்.

மலிவு போனபோதுதான் மதில் போனது. 1990 முதல் கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வந்தன. உயிர்ப்பாறையும் அந்தக் கணக்கிலேயே அனுமதிச் சீட்டோடு பயணிக்க வேண்டியதாயிற்று. ஃபுளோரிடா தன் கடற்பகுதியில் பாறை எடுப்பதை 1989இல் தடுத்தது. அதையடுத்த கூட்டரசுக் கடற்பகுதியின் அட்லாண்டிக் பக்கம் 1996 தொடக்கத்தில் மூடப்பட்டது. அங்கிருந்த வியாபாரிகள் வேறு வழி கண்டார்கள். நிலத்துச் சுரங்கச் சுண்ணாம்புக் கல்லைக் குத்தகைக்கு எடுத்த கடலடியில் கொட்டி, உயிர் படர்ந்ததும் எடுத்து விற்பது. கொட்டும் கல் அங்குள்ள இயற்கைக் கல்லிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெருமளவு சந்தை ஃபிஜி, டோங்கா போன்ற பசிபிக் தீவுகளின் பக்கம் திரும்பியது. விமானச் சரக்குக் கட்டணம் கிலோவுக்குக் கணக்கிடப்படுவது; ஈரக்கல்லோ கனமானது. 2018இல் ஃபிஜியும் பவளம், உயிர்ப்பாறை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இதற்கிடையே, நிலத்தில் வெட்டியெடுத்த உலர்ந்த பழம்பவளக் கல்லும், சிமெண்ட் கலவையில் வார்த்த செயற்கைக் கல்லும் கடைகளை நிரப்பின.

உலர்கல் வந்ததும் கட்டும் முறை தலைகீழானது. உயிருள்ள கல்லைக் காயவிடாமல் அவசரமாக அடுக்க வேண்டும். உலர்கல்லை மேசைமேல் வைத்து நாள்கணக்கில் உருட்டிப் பார்க்கலாம், உளியால் உடைக்கலாம், துளை போடலாம். இரண்டு கற்களிலும் துளையிட்டு அக்ரிலிக் கம்பியைச் செருகி, இடைவெளியை ஹைட்ராலிக் சிமெண்டால் அடைக்கிறார்கள். இரும்புக் கம்பி ஆகாது; கடல்நீரில் துருப்பிடிக்கும். சிமெண்ட் பூசினால் பல வாரம் நன்னீரில் ஊறவைத்தாக வேண்டும். இல்லையேல் நீரின் காரத்தன்மை எகிறும். நீருக்குள்ளேயே ஒட்டுவதென்றால் இரு பகுதி எபாக்சியைப் பிசைந்து உருட்டி, அதன் இரு பக்கமும் சூப்பர் க்ளூ ஜெல் தடவி, கல்லை அழுத்திச் சற்றே திருகுவார்கள். ஜெல் உடனே பிடிக்கும், எபாக்சி பிறகு இறுகும். அன்றைக்கு ஸ்கிம்மர் கண்டபடி நுரைத்து வழியும் என்பது தனித் தொல்லை. கல் பத்து கிலோ போதும் என்ற நிலை வந்த பிறகுதான் அந்தப் பத்து கிலோவும் ஒன்றையொன்று பிடித்து நிற்க வேண்டிய கட்டாயம் வந்தது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. வெற்றிடத்தையே அழகாகக் கொள்ளும் பார்வையை ஜப்பானின் தகாஷி அமானோ நன்னீர்த் தாவரத் தொட்டிகளில் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே உலகுக்குக் காட்டிவிட்டார்; பவளத் தொட்டிக்காரர்கள் அவரைப் பின்பற்றியதுதானே இது? செல்வாக்கை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய நூல்கள் உலவிய அதே தொண்ணூறுகளில் பவளத் தொட்டிகளில் மதில் அசையாமல் நின்றதே, ஏன்? ரசனை கண்முன் இருந்தும் கல்லைக் குறைக்கும் துணிவு வரவில்லை. நல்ல ஸ்கிம்மரும், 2000களில் வந்த அகன்ற நீரோட்டம் தரும் விசிறிப் பம்புகளும், கல் பார்த்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட பிறகே அந்தத் துணிவு வந்தது. கிளைப்பவளங்களுக்கு எல்லாப் பக்கமும் நீரோட்டம் வேண்டும், அதனால்தான் திட்டுகள் என்றும் சிலர் சொல்வர். சரிதான், ஆனால் அதுவும் அழகியல் காரணமல்ல, என் வாதத்துக்கே வலு சேர்ப்பது.

இன்னொரு மறுப்பை எளிதில் தள்ள முடியாது. உலர்கல்லில் கடலின் புழுக்களும் கடற்பஞ்சும் நுண்ணுயிர்ப் பன்மையும் வராது. அப்படித் தொடங்கிய தொட்டிகள் மாதக்கணக்கில் பழுப்புப் பாசியோடு மல்லுக்கட்டுகின்றன. உண்மை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டிய தொழில்களோடு ஒப்பிட்டால், தொட்டிக்காரர் எடுத்த கல் சொற்பம் என்ற வாதமும் கூடவே வரும். மன்னார் வளைகுடாவை அறிந்த தமிழர்களுக்கு அந்த வாதத்தின் முடிவும் தெரியும். இங்கே முருகைக்கல் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீட்டுச் சுவருக்கும் படகு படகாகப் போனது. 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன, அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பவளம் வெட்டியதும் ஒன்று. வெட்டியவர்களும் அவரவர் எடுத்ததைச் சொற்பம் என்றே நினைத்திருப்பார்கள். 2001இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இந்தியக் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே நம் ஊரில் உயிர்ப்பாறை என்று சொல்லி யாராவது விற்றால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தாளில் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். வார்த்த கல்லை வாங்கி, ஊறவைத்து, கம்பி போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். பாக்டீரியா குடியேறச் சில மாதம் பிடிக்கும். அதுவரை மீன் வாங்க வேண்டாம்.