சரளையின் தரம்

'தரம்' என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்கிறோம். தரமான கவிதை, தரமற்ற நாவல் என்று எழுதும்போது எதைக் கொண்டு அளந்தோம் என்று சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கு நேர்வதில்லை. இதே சொல் ரெவின்யூ கணக்கில் வேறு மாதிரி புழங்குகிறது. கிராமத்து 'அ' பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேராக 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு பத்தி, 'மண் தரம்' என்று இன்னொரு பத்தி. அங்கே தரம் என்பது ஓர் எண். அந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வங்கியில் குமாஸ்தாவாக இருப்பதால் இந்தப் பத்திகள் அடிக்கடி என் கண்ணில் படுகின்றன. ஒருமுறை நானே ஒரு நிலத்துக்குத் தவறான தீர்ப்பு எழுதினேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து தொடங்கியது.

நான் சொல்லும் நிலம் காங்கயம், தாராபுரம் பக்கத்து மேட்டுநிலம். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது பெரும்பாலும் காற்றுதான். மண் செவ்வல், அதில் பாதிக்குப் பாதி சரளை. மேலே வெங்கச்சங்கல் சிதறிக் கிடக்கும். ஒரு முழம், ஒன்றரை முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் படிவோ மட்கிய பாறையோ தட்டும். மண்ணியல்காரர்கள், கனஅளவில் 35 சதவீதத்துக்கு மேல் கல் இருக்கும் மண்ணை எலும்புக்கூட்டு மண் என்ற பொருள்படும் பெயரால் குறிக்கிறார்கள். பெயரிலேயே அபிப்பிராயம் தொனிக்கிறது: சதை இல்லாத மண்.

ஆனால் கல் அங்கே சும்மா கிடக்கவில்லை. மேலே தளர்வாகக் கிடக்கும் சரளை மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அடி படாத மண் இறுகித் தோல் கட்டுவதில்லை. நீர் உள்ளே இறங்குகிறது. வெயில் நாளில் ஈரம் ஆவியாவதையும் காற்று மண்ணை வாரிப்போவதையும் அதே கல் தடுக்கிறது. உள்ளே இருக்கும் சரளைக்கு இரண்டு முகம். நீரைத் தேக்கிவைக்கும் மண்ணின் அளவை அது குறைத்துவிடுகிறது. ஆகவே நீண்ட நாள் நீர் கேட்கும் பயிருக்கு இது கெட்ட மண். ஆனால் ஈரத்தைப் பிடிக்கும் மண் குறைவாக இருப்பதாலேயே, ஒரு சிறு மழை கல்லில்லாத மண்ணில் இறங்குவதைவிட ஆழமாக இங்கே இறங்குகிறது. தூறலையும் வீணாக்காத புல்லுக்கு இது நல்ல மண். நல்லது கெட்டது என்பது, எதை எதிர்பார்த்து நிற்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம்.

இந்த மண்ணைப் பார்த்து அங்குள்ளவர்கள் எடுத்த முடிவின் பெயர் கொறங்காடு. கொங்குப் பேச்சில் காடு என்றால் வனம் அல்ல. வானம் பார்த்த நிலம். கிணறு இருந்தால் தோட்டம். கொறங்காடு உழுது விதைக்கும் காடும் அல்ல. நாலைந்து ஏக்கரைச் சுற்றிக் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மூன்றே சரக்கு. வெள்வேலத்தின் நிழல் புல்லைக் கொல்லாது. கோடையில் புல் தீரும்போது அதன் காய் உதிர்ந்து தீவனமாகும். காயைத் தின்ற ஆடுமாடுகள் விதையைச் சாணத்தோடு திரும்ப ஊன்றிவிடும். மாடுகளை ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்கு மாற்றி மாற்றி மேயவிடுவார்கள். மேய்ச்சல் நிலம் என்றாலே பொதுநிலம் என்பது நம் பொதுப்புத்தி. கொறங்காடு பட்டா நிலம். பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாசத்தில் சாம்பல் வெள்ளைக்கு மாறும் காங்கயம் கன்று இங்கேதான் வளர்ந்தது. அந்த இனத்தைப் பேணிப் பெருக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் பெயர் எல்லோரும் அறிந்தது. இந்த மண்ணின் சுண்ணாம்புதான் மாட்டின் எலும்பில் ஏறியிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள்.

இந்தக் கல்லை வேறு விதமாகப் பார்த்த காலமும் உண்டு. காங்கயத்துக்கு அருகிலுள்ள படியூரில் பாறையின் வெட்டுவாய்களில் பெரில் கிடைத்தது. 1819-20இல் ஹீத் என்பவர் அதைத் தோண்டி எடுத்தார். அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நொய்யல் கரைக் கொடுமணலில் மணிகளைப் பட்டை தீட்டித் துளையிட்டிருக்கிறார்கள். 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கிய அகழாய்வு அதைக் காட்டியது. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுவே என்கிறார்கள். ஆக, ஒரே மேட்டை மணிக்காரன் ஒரு விதமாகவும் மாட்டுக்காரன் ஒரு விதமாகவும் படித்தார்கள். மூன்றாவதாகப் படிக்க வந்தவன் சர்க்கார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் நடந்த ரயத்துவாரி செட்டில்மெண்ட், மண்ணைக் கரிசல், செவ்வல், மணல் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் களி, இருபொறை, மணல் என்று உட்பிரித்து, அதற்குள்ளும் உயர்வு தாழ்வு வகுத்தது. ஓர் ஏக்கரில் இன்ன மண் இத்தனை தானியம் தரும் என்று கணக்கிட்டு, அதை விலையாக்கி, சாகுபடிச் செலவைக் கழித்து, மிச்சத்தில் பாதிக்கு மேற்படாதது தீர்வை. 1864க்குப் பிறகு இதுதான் விதி. முறை நேர்மையானது; நம் விமர்சனத்தில் பலவற்றைவிட நேர்மையானது, ஏனெனில் தன் அளவுகோலை அது வெளியே சொல்லியது. கோளாறு அளவுகோலில் இருந்தது. புல்லுக்காக வைத்திருந்த நிலத்தையும், அது எவ்வளவு சோளமும் கம்பும் விளைவிக்கும் என்று கேட்டே அளந்தார்கள். நிலம் செய்துகொண்டிருந்த காரியத்தை யாரும் கேட்கவில்லை. செய்யாத காரியத்துக்கு மார்க் போட்டார்கள். சரளைக்குக் கடைசி மார்க்.

1887இல் கோயம்புத்தூர் ஜில்லா மானுவலைத் தொகுத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். இதே நிக்கல்சன்தான் விவசாய வங்கிகளைப் பற்றி 1895லும் 1897லும் சென்னை சர்க்காருக்கு அறிக்கைகள் தந்து, ஜெர்மனியின் ரைபைசன் மாதிரிக் கிராமச் சங்கங்களைச் சிபாரிசு செய்தார். 1904இன் கூட்டுறவுக் கடன் சட்டத்துக்கு அவை வழி வகுத்தன. நிலத்தை விவரிக்கும் பாஷையும் கடன் கொடுக்கும் பாஷையும் ஒரே மேஜையில் சந்தித்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்த மேஜையின் கடைசி ஓரத்தில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வந்தார். கண் சரியாகத் தெரியாததால் விண்ணப்பத்தை நான் எழுதினேன். சாகுபடிப் பயிர் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன்.

"கொறங்காடுங்க தம்பி."

"பயிர் என்னங்க அய்யா?"

"புல்லுதானுங்க."

படிவத்தில் புல்லுக்கு இடம் இல்லை. 'தரிசு' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தரிசுன்னா விட்டுப்போட்டதுங்க. இது நாங்க விட்டதில்லீங்க, வெச்சிருக்கறது."

நான் திருத்தவில்லை. திருத்தி எழுத வேறு சொல் அந்தப் படிவத்தில் இல்லை என்பது உண்மை. திருத்த எனக்குத் தோன்றவும் இல்லை என்பதும் உண்மை. தரிசு நிலத்தில் மாட்டுக்குத் தீவனம் ஏது என்ற கேள்வியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் அந்த வழியாகப் போனபோது கிளுவை வேலி ஒரு பக்கம் பிடுங்கப்பட்டு, பொக்லைன் கிராவல் அள்ளிக்கொண்டிருந்தது. கிராவலுக்குத் தரம் பார்ப்பதில்லை. யூனிட் கணக்கு, நூறு கனஅடி ஒரு யூனிட்.

கொறங்காட்டைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. என் அப்பாருவுக்கும் ஒன்று இருந்தது. கிளுவை வேலி மாட்டை உள்ளே நிறுத்தியது. நிலமில்லாதவனையும் அவன் இரண்டு ஆடுகளையும் வெளியே நிறுத்தியது. கவலைக்குத் தோல்பறி தைத்துத் தந்த மாதாரிகளுக்கு அந்தப் புல்லில் பாத்தியதை கிடையாது. 'நாங்க வெச்சிருக்கறது' என்பதில் உள்ள 'நாங்க' யார் என்று கேட்காமல் இந்தச் சரித்திரத்தை எழுதினால் அதுவும் ஒரு பத்தி விடுபட்ட பதிவேடுதான்.

ஆனாலும் பெரியவர் காட்டிய வித்தியாசம் செல்லுபடியாகிறது. விட்டது வேறு, வைத்திருப்பது வேறு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இயல்பைத் தெரிந்தவனுக்குத்தான் திரிந்தது தெரியும். நாமோ நெல்வயலை மனசில் வைத்துக்கொண்டு 'மண்வாசனை' என்கிறோம். கல்லும் புல்லுமாக இருக்கும் எழுத்தைக் கண்டால் வறட்சி என்கிறோம். கூட்டக் கூட்டப் பெருகும் வளத்தை அளக்கும் கோல் நம்மிடம் இருக்கிறது. குறைந்த மழையை விரயமாக்காமல் பிடித்து வைத்திருப்பதை அளக்கும் கோல் இல்லை. அது இல்லாதவரை, நிலமானாலும் கவிதையானாலும், 'தரிசு' என்று எழுதுவதற்கு முன் அது விடப்பட்டதா, வைக்கப்பட்டிருப்பதா என்றாவது கேட்டுக்கொள்ளலாம். நான் கேட்காமல் எழுதியது ஒரு விண்ணப்பத்தில், நாலரை ஏக்கர். அது இப்போது எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறதோ தெரியாது.